நான்கு நாள் அசையாத காற்று

கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பகுதிநேர உதவியாளராக வேலை பார்த்தேன். கடினமான வேலை என்று சொல்ல முடியாது. கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு சிறிய வானிலை நிலையம் இருக்கிறது. மழை, வெப்பநிலை, காற்றின் வேகம், காற்றின் திசை ஆகியவற்றை அது நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும. வாரம் ஒருமுறை அந்த எண்களை அட்டவணையாக்கி, அங்கு ஆராய்ச்சி செய்யும் முதுநிலை மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது என் பொறுப்பு.

மூன்றாவது வார அட்டவணையை அனுப்பி இரண்டு நாள் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் தொடங்கி நான்கு நாள்களுக்குக் காற்றின் திசை 48 பாகை என்றே இருந்தது. இடையில் ஒருமுறைகூட 47 இல்லை, 49 இல்லை. காற்றின் வேகம் மட்டும் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

48 பாகை என்றால் வடகிழக்கு. டிசம்பரில் சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை, அட்டவணையைப் பெற்றவருக்கும் வரவில்லை. காட்டி வேறு திசையில் சிக்கியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம். நாங்கள் எதிர்பார்த்த திசையில் சிக்கியதால் அது யார் கண்ணிலும் படவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். என் மனத்தில் முதலில் தோன்றியது பழுதைப் பற்றிய கவலை இல்லை. அருகிலுள்ள வேறொரு நிலையத்தின் எண்களை இணையத்திலிருந்து எடுத்து அந்த நான்கு நாளையும் நிரப்பிவிடலாம், 'திருத்திய அட்டவணை' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோப்பைத் திறந்தும் வைத்துவிட்டேன்.

அதற்குள் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் மொட்டைமாடிக்குக் கிளம்பினார். அவரை நாங்கள் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். நானும் துணியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். காற்றுத்திசை காட்டியின் பேரிங்கில் அழுக்கும் துருவும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருந்தன. நான் கையை நீட்டினேன்.

“முதல்ல கை வைக்காதம்மா. அது எப்படி நிக்குதோ அப்படியே படம் எடு, என்ன எண் காட்டுதுன்னு எழுது. அப்புறம் தொடலாம்,” என்றார்.

ஏன் என்று கேட்டேன். “நீ தொட்டுட்டா, அது எவ்வளவு தப்பாக் காட்டுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

அந்த வாக்கியம் மனத்தில் தங்கிவிட்டது. அடுத்த பருவத்தில் காற்று மாசு பற்றிய பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டியிருந்தபோது, காற்றுத்திசை காட்டி பழுதானால் உண்மையாகவே பெரிய சிக்கல் வரக்கூடிய இடம் எது என்று தேடிப் பார்த்தேன். தேடல் என்னை அணுமின் நிலையங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அணுஉலைக்கு அருகே ஒரு கோபுரம்

அணுமின் நிலையம் என்றதும் நம் கண்முன் வருவது வளைந்த இடுப்புடைய பெரிய குளிர்விப்புக் கோபுரம். அதே வளாகத்தில், கட்டடங்களின் காற்றுத்தடை இல்லாத இடமாகப் பார்த்து, மெலிந்த கம்பிக்கோபுரம் ஒன்றும் நிற்கும். அதுதான் வானிலைக் கோபுரம். அமெரிக்க நிலையங்களில் இது பெரும்பாலும் 60 மீட்டர் உயரம் இருக்கும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஒரு தொகுதி கருவிகளும், உச்சியை ஒட்டி மற்றொரு தொகுதியும் நீண்ட கைகளில் பொருத்தப்பட்டிருக்கும்.

மின்சாரம் தயாரிக்க இந்தக் கோபுரம் தேவையில்லை. அதன் கருவிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுபோனாலும் அணுஉலை பாதுகாப்பாக ஓடும். விபத்து நேர்ந்து கதிரியக்கப் பொருள் வெளிக்காற்றில் கலக்கும் நாளில்தான் அதன் அவசியம் தெரியும். எந்த ஊர் மக்கள் உடனே கிளம்ப வேண்டும், எந்த ஊர் மக்கள் கதவு சன்னல்களை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவெடுக்க, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது.

அமெரிக்காவில் 1979 மார்ச் 28ஆம் தேதி திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அணுமின் நிலையத்தையும் சுற்றி ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவுக்கு நெருக்கடித் திட்டம் வகுக்க வேண்டும் என்று விதி வந்தது. விபத்து நேரத்தில் அந்த வட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் காலி செய்வதில்லை. பொதுவாக நிலையத்தைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வட்டத்தில் இருப்பவர்களும், காற்று போகும் திசையில் 8 கிலோமீட்டர் வரை இருப்பவர்களும் முதலில் கிளம்புவார்கள். ஆகவே, அந்த 8 கிலோமீட்டர் யாருடைய வீட்டுப் பக்கம் நீள்கிறது என்பதைக் கோபுரத்தில் சுழலும் ஒரு தகடு தீர்மானிக்கிறது.

இதில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வானிலைத் துறையில் காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். தமிழும் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த நான்கு பெயர்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு உதவின. கருவி வாடை என்று காட்டினால், கதிரியக்கப் புகை தெற்கே போகிறது என்று பொருள்.

எங்கள் மொட்டைமாடிக் கருவியைப் போல அணுமின் நிலையத்தின் காட்டியும் 48 பாகையில் சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கணினி, புகை தென்மேற்கே போகிறது என்று கணக்கிடும். இதற்கிடையே உண்மையான காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தால் புகை தென்கிழக்கே போய்க்கொண்டிருக்கும். தென்மேற்கில் இருப்பவர்கள் தேவையில்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். தென்கிழக்கில் இருப்பவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிறு பிழையும் தொலைவு கூடக்கூடப் பெரிதாகும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டி காற்றுத் திசையில் 5 பாகைக்கு மேல் பிழை இருக்கக்கூடாது என்கிறது. உயர்நிலை முக்கோணவியலை வைத்து நீங்களே கணக்கிடலாம். 8 கிலோமீட்டர் தொலைவில் 5 பாகைப் பிழை ஏறக்குறைய 700 மீட்டர் விலகலாகும். 20 பாகை என்றால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஒரு சிற்றூரையே தவறவிட அது போதும்.

0.1 டிகிரியில் என்ன இருக்கிறது?

திசையும் வேகமும் தெரிந்தால் மட்டும் போதாது. புகை விரிந்து கரையுமா, கரையாமல் ஒரு பட்டை போல் நீளுமா என்பதும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கோபுரத்தின் இரு உயரங்களிலும் வெப்பநிலையை அளக்கிறார்கள்.

வெயில் நேரத்தில் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே எழும்பும். அப்போது காற்று நன்றாகக் கலந்து புகை விரைவில் நீர்த்துப்போகும். தெளிவான இரவில் தரை குளிர்ந்துவிடும். கீழே குளிர்ந்த காற்றும் மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்றும் அடுக்காகப் படிந்துவிடும். ஜோகூரில் தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தாத்தா, விடியற்காலையில் விறகடுப்புப் புகை மேலே போகாமல் லயன் வீடுகளின் ஓரமாகவே தவழும் என்று சொல்வார். அதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட நேரத்தில் கதிரியக்கப் புகையும் அதிகம் கலையாமல் நெடுந்தொலைவு போகும்.

இந்த நிலைகளைப் பிரித்தானிய வானிலை அறிஞர் ஃபிராங்க் பாஸ்குவில் 1961இல் வகைப்படுத்தினார். அமெரிக்க நிலையங்கள் இன்று அந்த வழியில் ஏழு வகைகளைப் பயன்படுத்துகின்றன. மேல், கீழ் வெப்பநிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்து வகை முடிவாகிறது. 50 மீட்டர் இடைவெளியில் அளக்கும்போது அவற்றில் இரண்டு வகைகளின் முழு அகலமே 0.1 டிகிரி செல்சியஸ்தான். எனவே அந்த வேறுபாட்டை 0.1 டிகிரி துல்லியத்துடன் அளக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. நம் வீட்டுக் காய்ச்சல்மானியில் யாரும் பொருட்படுத்தாத அளவு அது.

எப்படிப் பழுதாகிறது?

இவ்வளவு நுட்பமான கருவிகள் ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. கோபுரம் உயரமாக இருப்பதால் மின்னல் தாக்குகிறது. குளிர்நாடுகளில் பனி உறைந்து காற்றுவேகமானியின் கிண்ணங்கள் நின்றுவிடுகின்றன. பறவைகள் உட்காருகின்றன, எலிகள் கம்பிவடத்தைக் கடிக்கின்றன, பேரிங் தேய்கிறது. வெப்பநிலை உணர்கருவியின் கூண்டுக்குள் காற்றை இழுக்கும் சிறு மின்விசிறி நின்றுபோனால், கருவி வெயிலின் சூட்டையும் சேர்த்து அளக்கத் தொடங்கிவிடும்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் கருவி செத்துப்போகிறது; திரையில் எண் வராது, எச்சரிக்கை விளக்கு எரியும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது வகையில் கருவி நம்பும்படியான தவறான எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்விசிறி நின்ற வெப்பநிலைக் கருவியும் பனியில் உறைந்த திசைகாட்டியும் இந்த வகை. எங்கள் 48 பாகையும் இதே வகைதான்.

இரண்டாவது வகையைப் பிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. உண்மையான காற்று ஒருபோதும் ஆடாமல் நிற்காது. ஆகவே திசையின் சராசரியோடு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதையும் கணக்கிடலாம். ஆட்டம் பூச்சியமானால் கருவி சிக்கியிருக்கிறது. 10 மீட்டர் கருவியையும் 60 மீட்டர் கருவியையும் ஒப்பிடலாம். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதர் தினமும் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேரம்

எனக்கு மிகவும் வியப்பளித்தது இந்தப் பகுதிதான். அமெரிக்காவில் ஒரு நிலையம் நெருக்கடி நேரத்தில் நிலைமையை மதிப்பிடும் திறனைப் பெரிய அளவில் இழந்துவிட்டால், எட்டு மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்று வழியில்லாமல் வானிலைக் கோபுரத்தின் தகவல் நின்றுபோவதும் அதில் அடங்கும். அப்படித் தெரிவிக்கப்படுபவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன.

அத்தகைய அறிக்கைகள் பலவற்றைப் படித்தேன். பரபரப்பாக ஒன்றுமில்லை. எந்தக் கருவி, எப்போது நின்றது, காரணம் தெரியுமா, பழுதுபார்ப்பு எந்த நிலையில் இருக்கிறது, அதுவரை காற்றுத் தகவலை எங்கிருந்து பெறுவார்கள் என்று சில வரிகள் இருக்கும். தேசிய வானிலைச் சேவையிடமிருந்து பெறுவது வழக்கமான மாற்று ஏற்பாடு. வெளியே எந்த விபத்தும் இல்லை, ஒரு கதிரும் கசியவில்லை. இருந்தாலும் ‘இப்போது எங்களுக்குக் காற்று தெரியவில்லை’ என்று ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள்.

மற்றோர் எண்ணும் கவனிக்கத்தக்கது. ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டிய வானிலைத் தகவலில் குறைந்தது 90 விழுக்காடு கிடைக்க வேண்டும் என்று வழிகாட்டி எதிர்பார்க்கிறது. அதாவது ஏறக்குறைய 36 நாள்களுக்கு ஈடான இடைவெளிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கருவி பழுதாகும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த இடைவெளி எது என்று தெரியாமல் போவதைத்தான் அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியாது.

பழுதுபார்ப்பதும் சடங்கு போல ஒழுங்காக நடக்கிறது. முதலில் அந்தக் கருவி பயன்பாட்டில் இல்லை என்று பதிவு செய்கிறார்கள். பிறகு அது இருக்கும் நிலையிலேயே என்ன காட்டுகிறது என்று சோதித்து எழுதுகிறார்கள். அதன்பின் கருவியைக் கழற்றி, முன்பே அளவுத்திருத்தம் செய்து வைத்த மாற்றுக் கருவியைப் பொருத்துகிறார்கள். திசைகாட்டியைப் பொருத்தும்போது அதன் பூச்சியப் புள்ளி உண்மை வடக்கைப் பார்க்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதில் தவறினால் புத்தம்புதுக் கருவியும் ஆண்டுக்கணக்கில் தவறாகவே காட்டும். கடைசியாக, சரிசெய்த பிறகு காட்டும் எண்ணையும் எழுதுகிறார்கள். முன்னே ஓர் எண், பின்னே ஓர் எண். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துத்தான் பழைய பதிவுகளை நம்பலாமா, நீக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள்.

அங்கிள் மொட்டைமாடியில் சொன்னதும் இதையேதான்.

2011: காற்று திரும்பிய நாள்

நெருக்கடி உண்மையாகவே வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஜப்பானின் ஃபுக்குஷிமா சான்று. 2011 மார்ச் 11ஆம் தேதி பிற்பகல் 2.46 மணிக்கு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய 50 நிமிடங்கள் கழித்துச் சுனாமி ஃபுக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கியது. மின்சாரம் போனது. வளாக எல்லையிலிருந்த எட்டுக் கண்காணிப்புக் கருவிகளும் செயலிழந்தன. ஊழியர்கள் அளவீட்டு வாகனத்தில் சுற்றி கதிர்வீச்சையும் காற்றையும் அளக்க வேண்டியதாயிற்று. வெளியே, ஃபுக்குஷிமா மாநிலத்தின் 24 நிலையான கண்காணிப்பு நிலையங்களில் 23 பயனற்றுப் போயின. சில அடித்துச் செல்லப்பட்டன, மற்றவற்றுக்குத் தொடர்பு அறுந்தது.

ஜப்பானிடம் ‘ஸ்பீடி’ என்ற கணினி முறை இருந்தது. வானிலையையும் வெளியேறும் கதிரியக்கத்தின் அளவையும் கொடுத்தால், புகை எங்கே போகும் என்று அது கணித்துச் சொல்லும். நிலையத்திலிருந்து அளவு வரவில்லை. அதனால் ஓர் ஊகமான அளவை வைத்துக்கொண்டு ஸ்பீடி மணிக்கு மணி கணக்கிட்டது. எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாவிட்டாலும் எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்தது. ஆனால் அந்த வரைபடங்கள் மக்களை வெளியேற்றும் முடிவுகளுக்குப் பயன்படுத்தப்படவில்லை. முதன்முறையாக அவை பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது மார்ச் 23ஆம் தேதி.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. நிலையத்துக்கு அருகிலிருந்த நமியே ஊர் மக்களில் பலர், வடமேற்கே உள்ள சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். தொலைவாகப் போனால் பாதுகாப்பு என்று நம்பினார்கள். மார்ச் 15ஆம் தேதி காற்று வடமேற்குப் பக்கம் திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத் துகள்களை அந்தப் பக்கத்து மலைகளிலும் வயல்களிலும் இறக்கின. சுஷிமாவும் அதில் அகப்பட்டது. 30 கிலோமீட்டர் வட்டத்துக்குப் பெரும்பாலும் வெளியே இருந்த இத்தாத்தே கிராமமும் தப்பவில்லை. ஏறக்குறைய 6,000 பேர் வாழ்ந்த அந்தக் கிராமத்தை ஏப்ரல் 22ஆம் தேதிதான் வெளியேற வேண்டிய பகுதியாக அறிவித்தார்கள்.

முழுக் கதையையும் கருவிப் பழுதின் தலையில் போட முடியாது. கருவிகள் நின்றது ஒரு பக்கம். கையிலிருந்த அரைகுறைத் தகவலை, ‘இது அரைகுறைதான்’ என்ற குறிப்போடு மக்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது மறுபக்கம். அரைகுறை வரைபடம் ஒன்றே கையில் கிடைத்திருந்தாலும், சுஷிமாவுக்குப் போன சில குடும்பங்கள் வேறு சாலையைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். பின்னர் 2014இல், வெளியேற்ற முடிவுகளுக்கு ஸ்பீடியின் கணிப்பை நம்பாமல் களத்தில் அளக்கும் கதிர்வீச்சையே அடிப்படையாகக் கொள்வது என்று ஜப்பானிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. அப்படியானால் களத்தில் நிற்கும் கருவி நெருக்கடியிலும் நின்றுபோகாமல் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு இன்னும் கூடுகிறது.

நமக்கு எதற்கு?

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் இல்லை, கட்டுவதென்று முடிவும் எடுக்கப்படவில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்தில் பேச்சு நடக்கிறது. வியட்னாம் 2024இல் தன் அணுமின் திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. காற்றுக்குக் கடப்பிதழ் தேவையில்லை என்பதும் நமக்குப் புதிதில்லை. 2013 ஜூன் 21ஆம் தேதி சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் இங்குக் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது நான் தொடக்கநிலை இரண்டில் இருந்தேன். அம்மா சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகியதும், மணிக்கொருமுறை அந்த எண்ணைப் பார்த்துச் சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த எண் சரியா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்கோ ஒரு கருவியை யாரோ ஒருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்தது.

அந்த ‘யாரோ ஒருவர்’ வேலை நாளை உங்களில் சிலருக்குக் கிடைக்கலாம். வேதியியல் ஆய்வுக்கூடத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியின் பட்டறையிலோ அதற்கான பழக்கம் இப்போதே தொடங்கிவிடுகிறது. அளவு எடுக்க மறந்த ஒரு கட்டத்தை, பக்கத்து நண்பரின் தாளைப் பார்த்து நிரப்பும் அந்த நொடி எல்லாருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அன்று மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, திறந்து வைத்திருந்த கோப்பில் நான்கு நாளின் திசை எண்களையும் அழித்தேன். அந்த இடத்தில் ‘தரவு இல்லை, காட்டி சிக்கியிருந்தது, 48 பாகை’ என்று எழுதினேன். நான் கவனிக்காமல் அனுப்பியதையும் சேர்த்து, அந்த முதுநிலை மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலுக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரம் நீளமாக இருந்தது.

நான்கு நாளை விட்டுவிட்டுக் கணக்கை மறுபடியும் செய்யப் போவதாக அவர் எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: பழுது தொடங்கிய சரியான நேரம் தெரியுமா? தெரியும். திங்கட்கிழமை பிற்பகல் 3.12. அதையும் குறித்து வைத்திருந்தேன்.